தண்ணீர் போதும் என்ற மேஸ்திரி

நாக்பூரில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அந்தத் தமிழர், வருங்கால வைப்பு நிதிப் பணத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டுக்குக் கூரைத் தளமும் போர்ட்டிகோவும் ஒரே நாளில் போட்டது அப்படி ஒரு மே மாதத்தில்தான். மூட்டையைப் பிரித்ததும் அவருக்குத் திக்கென்றது. சிமெண்ட் வழக்கத்தைவிடக் கருத்திருந்தது. "சாம்பலைக் கலந்திருக்கிறார்கள்" என்றார் மனைவி.

கலந்துதான் இருந்தார்கள். மூட்டையிலேயே அச்சடித்து, தர முத்திரையோடு. அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஆறாம் நாள் மேஸ்திரி தளத்தைத் தட்டிப் பார்த்து, "காய்ந்துவிட்டது, தண்ணீர் போதும்" என்றார். டேங்கர் தண்ணீருக்குப் பணம் கொடுத்து அலுத்திருந்தவருக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. (கடலுக்கடியிலும் கான்கிரீட் இறுகும்.) சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்த பொடி அது. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து பசை போன்ற ஒரு பொருளாகின்றன. மணலையும் ஜல்லியையும் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான். வினைக்குப் போன தண்ணீர் கல்லின் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. கூடவே சுண்ணாம்பும் உண்டாகிறது. பலத்துக்கு அதிகம் உதவாத, நீரில் கரைந்து வெளியேறக்கூடிய சுண்ணாம்பு. சாம்பலுக்கு வேலை இங்கேதான். அதிலுள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து மேலும் பசையாக்குகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன. சுண்ணாம்போடு செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்து அரைத்த பழைய கொத்தனார்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த சங்கதி. 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அந்தச் சாந்தில் எழுந்ததுதான்.

ஆனால் சாம்பல் நிதானமான ஆசாமி. அதன் வேலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். அதற்கு ஈரம் வேண்டும். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். 2000ல் வெளியான கான்கிரீட் விதிமுறை சாதா சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காக்கச் சொன்னது.

எட்டாம் நாள், பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற ஓவர்சியர் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். கூரையில் மறுபடி பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். விட்டதை முழுசாக மீட்க முடியாது, ஓரளவு முடியும். போர்ட்டிகோவை யாரும் நினைக்கவில்லை.

ஜூலை மழையில் கூரை ஒழுகவில்லை. போர்ட்டிகோ ஒழுகியது. அதன் மேற்பரப்பை நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. ஸ்கூட்டரை அவர் வராந்தாவில் ஏற்றி வைத்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டியதற்கு, "அப்போதே நினைத்தேன், சாம்பல் சிமெண்ட்" என்றார்.