கோட்டை, வெயில், ஒரு கண்ணாடிக் கதவு

வேலூர்னு சொன்னதும் உங்களுக்கு டக்குனு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, வெயில், ஜெயில்! கொஞ்சம் விவரமான பார்ட்டியா இருந்தா, 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு'ன்னு பழைய கிண்டலையும் எடுத்து விடுவீங்க. அதுல ஒண்ணு இப்ப செல்லாது பாஸ். கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லயே சாமி திரும்பி வந்தாச்சு. அதே கோட்டைக்குள்ள 1846-ல கட்டின செயின்ட் ஜான்ஸ் சர்ச்சும் இருக்கு, மசூதியும் இருக்கு.

ஆனா, இந்த ஊர்ல ராத்திரி பகலா சாமியைக் கூப்பிடுறவங்களைப் பார்க்கணும்னா கோட்டைக்குப் போகாதீங்க. காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி பஸ் ஏறினதும், கண்டக்டர்கிட்ட 'சி.எம்.சி.'னு மட்டும் சொல்லுங்க. பாதி பஸ் உங்களோட அங்கதான் இறங்கும்.

இறங்கினதும் வேற ஸ்டேட்டுக்கு வந்துட்டோமோனு ஒரு டவுட் வரும். லாட்ஜ் போர்டு வங்காளத்துல, மெஸ் போர்டு இந்தியில. மேற்கு வங்கம், ஜார்கண்ட், பங்களாதேஷ்னு எங்கெங்கிருந்தோ வந்தவங்க, கையில ஃபைலும் எக்ஸ்ரே கவருமா நடந்துக்கிட்டே இருப்பாங்க. காலையில ஆறு மணிக்கே டீக்கடையில கூட்டம். சத்தம் மட்டும் கம்மி.

மூணு தடவை தட்டின கதவு

இந்த ஆஸ்பத்திரி பிறந்த கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். ராணிப்பேட்டையில 1870-ல பிறந்த அமெரிக்க மிஷனரி வீட்டுப் பொண்ணு ஐடா ஸ்கடர். 'இந்தியாவும் வேணாம், மிஷனரி வேலையும் வேணாம்'னு இருந்தவங்க. 1890-கள்ல ஒரு ராத்திரி திண்டிவனத்துல இருந்தப்ப, மூணு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கதவைத் தட்டினாங்க. மூணு பேர் வீட்டுலயும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். ஐடாவோட அப்பா டாக்டர்தான். ஆனா, ஆம்பள டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. விடிஞ்சப்ப மூணு பொண்ணுங்களும் உயிரோட இல்ல.

அதுக்கப்புறம்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனாங்க. 1900-ல வேலூர்ல ஒரே ஒரு பெட்டோட ஆரம்பிச்சாங்க. 1902-ல அது 40 பெட் ஆஸ்பத்திரி. 1918-ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கவனிச்சீங்களா? இந்த இடத்தோட ஆரம்பமே ஒரு அற்புத சுகம் இல்ல. மூணு வீட்டுலயும் வேண்டியும் நடக்காமப் போன ஒரு ராத்திரி.

940 கிராம்

வளாகத்துக்குள்ளயே ஒரு சேப்பல் இருக்கு. யார் வேணும்னாலும் உட்காரலாம். அங்கதான் அந்த அண்ணனையும் அக்காவையும் சந்திச்சேன். ஆம்பூர்க்காரங்க, லுத்தரன் சபை. அண்ணனுக்கு ஷூ கம்பெனியில கட்டிங் வேலை. "பேரெல்லாம் போடாத தம்பி. மத்தது எழுதிக்கோ"ன்னாங்க.

பையன் 28 வாரத்துலயே பிறந்துட்டான். எடை 940 கிராம். ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கம்மி. நான் பார்த்த அன்னைக்கு அவனுக்கு 19-வது நாள். அவன் இருக்கிறது என்.ஐ.சி.யு.வுல, ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். நான் உள்ள போகல, போகவும் கூடாது. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அம்மா அப்பா மட்டும்தான் போகலாம்.

நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு விஷயம் சொல்றேன். இவ்வளவு சீக்கிரம் பிறக்கிற குழந்தைக்கு நுரையீரல்ல 'சர்ஃபாக்டன்ட்'ங்கிற வழவழப்பான பொருள் போதுமான அளவு இருக்காது. அதனால காற்றுப் பைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கும். இதுதான் பிரச்னைனு மேரி எல்லன் ஏவரிங்கிற டாக்டர் 1959-லயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா, மருந்து வரல. 1963 ஆகஸ்ட்ல அமெரிக்க அதிபர் கென்னடியோட மகன் பேட்ரிக் அஞ்சரை வாரம் முன்னாடியே பிறந்தான். கத்தோலிக்கக் குடும்பம், உடனே ஞானஸ்நானம் கொடுத்தாங்க. 39 மணி நேரம்தான் இருந்தான். சர்ஃபாக்டன்ட்டைக் குழந்தையோட மூச்சுக்குழாய்க்குள்ள கொடுத்து ஜெயிச்சதா ஜப்பான் டாக்டர்கள் அறிவிச்சது 1980-ல. ஆம்பூர்ப் பையனுக்குப் பிறந்த அன்னைக்கே அந்த மருந்து கிடைச்சிருக்கு.

அண்ணனுக்கு இப்போ மானிட்டர் படிக்கத் தெரியும். ஆக்ஸிஜன் அளவு 90-லிருந்து 95-க்குள்ள நிக்கணும். குறைஞ்சா மூளைக்கு ஆபத்து. ரொம்பக் கூடினா கண்ணோட விழித்திரைக்கு ஆபத்து. "88-னு காட்டுச்சுனா எனக்கு ஜெபம் தானா வந்துடும். 92 ஆனதும் ஸ்தோத்திரம். ஒரு நாளைக்கு நூறு தடவை இதேதான்"னு சிரிச்சாரு.

'குடு'ன்னு கேட்டது

ரெண்டாவது வாரம் ரத்தத்துல கிருமி. மறுபடியும் வென்டிலேட்டர். டாக்டர் உட்கார வச்சு, எதையும் மறைக்காம சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே ஊரிலிருந்து பாஸ்டர் வந்து, கை கழுவிட்டு உள்ள போய், சில சொட்டு சுத்தமான தண்ணியில ஞானஸ்நானம் கொடுத்தாரு. உயிருக்கு ஆபத்துனா பாஸ்டர் வர்ற வரைக்கும்கூட காத்திருக்க வேணாம், எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம்ங்கிறது லுத்தரன், கத்தோலிக்கம் ரெண்டுலயும் இருக்கிற வழக்கம். மூணு நிமிஷம்தான். பாட்டு இல்ல, கேக் இல்ல.

அந்த வாரம் போன்ல வந்த அட்வைஸ்தான் அக்காவை ரொம்பக் குத்தியிருக்கு. 'விசுவாசம் பத்தல', 'எங்கயோ பாவம் இருக்கு, யோசிச்சுப் பாரு', 'ஆஸ்பத்திரியை விட்டுட்டு சுகமளிக்கும் கூட்டத்துக்குத் தூக்கிட்டு வாங்க'. அண்ணன் போனை ஆஃப் பண்ணிட்டாரு. "டாக்டர் கையும் ஆண்டவர் குடுத்ததுதானே? குழாயைப் பிடுங்கிட்டுப் போறது விசுவாசம் இல்ல தம்பி" - இது அவர் வாதம்.

பைபிள்லயே இதுக்குப் பதில் இருக்கு. பிறவியிலயே பார்வை இல்லாத ஒருத்தரைக் காட்டி, 'இது இவன் பாவமா, பெத்தவங்க பாவமா?'னு சீஷர்கள் கேட்பாங்க. ரெண்டும் இல்லைனுதான் இயேசு சொல்வாரு. யோவான் சுவிசேஷம், 9-வது அதிகாரம். இன்னொண்ணும் யோசிங்க. கெத்செமனே தோட்டத்துல இயேசுவே தன் வேதனையை விலக்கச் சொல்லி ஜெபம் பண்ணினாரு. அது விலகல. அவருக்கே விசுவாசம் பத்தலைனு யாராவது சொல்வாங்களா?

அக்கா அதிகம் பேசல. ஆனா, பேசினது மண்டைக்குள்ள நின்னுடுச்சு. "மொதல்ல 'புள்ளையைக் குடு, குடு'ன்னு சண்டை போட்டேன். சரியானா வெள்ளியில தொட்டில் பண்ணிப் போடுறேன்னுகூட பேரம் பேசுனேன். இப்ப 'கூட இரு'ன்னு மட்டும்தான் கேக்குறேன். எனக்கும் கூட இரு, உள்ள தனியா கெடக்குறானே, அவனுக்கும் கூட இரு."

பக்கத்து இன்குபேட்டர்ல ஒரு ஜார்கண்ட் குழந்தை. அதுக்கு முந்தின வாரம் அது போயிடுச்சு. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. விடியுற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க அக்கா. "அவங்களும்தானே அவங்க சாமியைக் கேட்டாங்க? எம் புள்ளை மட்டும் ஏன் இருக்கான்? தெரியல. அதுக்குப் பதில் தெரிஞ்ச மாதிரி யாராவது பேசுனா எனக்குக் கோவம்தான் வருது."

இதை நான் விசுவாசக் குறைவுனு எழுத மாட்டேன். பதில் தெரியாமலே மறுநாள் காலையில கை கழுவிட்டு உள்ள போறாங்க பாருங்க, அந்த ஊர்ல நான் பார்த்த விசுவாசம் அதுதான்.

19-வது நாள்

நான் போன அன்னைக்கு எடை 970 கிராம். பிறந்ததும் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியிருக்கு. வென்டிலேட்டர் எடுத்தாச்சு. அன்னைக்குத்தான் முதல் முறையா 'கங்காரு கேர்'. குழந்தையை அம்மாவோட வெறும் நெஞ்சு மேல, தோலோட தோலா படுக்க வைக்கிறது. 1978-ல கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல, இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச முறை இது. பிறந்த உடனேயே இதை ஆரம்பிக்கலாம்னு 2022-ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. அம்மா நெஞ்சுச் சூடுதான் ஹீட்டர்!

வெளியே வந்த அக்கா, "ஒரு மணி நேரம் ஜெபமே பண்ணல தம்பி. மூச்சை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தேன்"னாங்க. இன்னும் எத்தனை வாரம்னு டாக்டர் சொல்லல. அவங்களும் கேட்கல.

நீங்க போனா...

உங்க ஃப்ரெண்டோட அக்காவோ, சித்தியோ இப்படி ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கலாம். போய்ப் பாருங்க. 'எல்லாம் நன்மைக்கே', 'கடவுள் சோதிக்கிறார்' டயலாக் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். சளி, காய்ச்சல்னா அந்தப் பக்கமே போகாதீங்க. இட்லி வாங்கிட்டுப் போங்க, துணி துவைச்சுக் கொடுங்க, லாட்ஜ்ல ஒரு ராத்திரி தூங்க அனுப்பிட்டு வெளியே நீங்க உட்காருங்க.

இன்னொண்ணு, ரத்தம். இந்தக் குட்டிங்களுக்கு ஒரு தடவைக்கு 10, 15 மில்லி போதும். ஒருத்தர் கொடுக்கிற ரத்தத்தைச் சின்னச் சின்னப் பைகளாப் பிரிச்சுப் பல தடவை ஏத்தலாம். 18 வயசு தாண்டி, 45 கிலோ இருந்து, ஆரோக்கியமா இருக்கீங்களா? பசங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொண்ணுங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். எந்த ஊர் ரத்த வங்கியா இருந்தாலும் சரி, போங்க. காலையில டிபன் சாப்பிட்டுட்டுப் போங்க, வெறும் வயித்தோட வேண்டாம்!