மூச்சை எண்ணிப் பார்த்தவள்

"ஐம்பத்திரண்டு வயசு. ஏழு வருசமா சர்க்கரை. ஆடி வெள்ளி, அம்மனுக்கு வேண்டுதல். காலையில சர்க்கரை மாத்திரையை மட்டும் முழுங்கினேன். அதுக்கப்புறம் பச்சத்தண்ணி பல்லுல படல."

குயிலாப்பாளையத்தில் முந்திரித்தோப்பை ஒட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த அம்மா தன் நோயை ஒப்பித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவருக்குச் சர்க்கரை கிடையாது. மற்ற நாட்களில் ஊதுவத்தி உருட்டும் வேலை. பரீட்சைக் காலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள நர்சிங் கல்லூரிக்குப் போய் நோயாளியாகப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் கூலியும் மதியச் சாப்பாடும் கொடுக்கிறார்கள். கல்லூரியில் இந்த வேலைக்கு 'எஸ்.பி.' என்று பெயர். ஊரில் கேட்டால், "ஆஸ்பத்திரி டிராமாவுக்குப் போறேன்" என்பார்.

இது லேசான வேலை இல்லை. நடிகைக்கு ஒரு காட்சி நன்றாக வந்துவிட்டால் போதும். இவருக்கு இருபது பேருக்கு இருபது முறையும் ஒரே காட்சி, ஒரே அளவில் வர வேண்டும். முதலில் வரும் பெண்ணிடம் எப்படி முனகினாரோ, கடைசியில் வரும் பையனிடமும் அப்படியே முனக வேண்டும். ஒருவருக்குக் கூடுதலாக ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அநியாயம். "கை நடுங்க நிக்கும் புள்ளைங்கள பார்த்தா பாவமா இருக்கும். சாப்பிடலன்னு சொல்லித் தொலைச்சிடலாமான்னு வாய்வரைக்கும் வரும். அடக்கிக்குவேன்" என்றார்.

அவருக்குக் கொடுத்திருக்கும் தாளில் ஒரு விதி உண்டு. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டால் "ம்ம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். "காலையில இருந்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால்தான் வேண்டுதல் கதை வெளியே வரும். கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே கேட்டால் பாதி பதில்தான். முகத்தைப் பார்த்துக் கேட்டால் முழுப் பதில். நம் வார்டுகளில் தினமும் நடப்பதும் இதுதான். இந்த விதியை எழுதியவருக்கு நம் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்திருக்கிறது.

ஆரோக்கியமான ஒருவரை நோயாளியாகப் பழக்கி மாணவர்களைச் சோதிக்கும் முறையை 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்தார். நோயாளிக்குப் பதிலாகப் படுக்கவைக்கும் பொம்மை அதற்கும் மூத்தது. 1911-இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்துவிட்டது. பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் என்பவர் செய்தது. பிள்ளைகள் அதை 'மிஸஸ் சேஸ்' என்றே அழைத்தார்கள். இன்று லேப்பில் படுத்திருக்கும் மேனிகின் மூச்சு விடுகிறது, கண்ணை மூடித் திறக்கிறது, நாடி துடிக்கிறது, பேசவும் செய்கிறது. 2021-இல் அரசிதழில் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் சிமுலேஷனுக்குத் தனி இடம் கொடுத்த பிறகு, கல்லூரிகள் கடன்பட்டாவது ஒரு லேப் கட்டுகின்றன. பொம்மையைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். அதன் முன்னால் நிற்கும் பிள்ளை எப்படி யோசிக்கிறாள், எப்படிப் பேசுகிறாள் என்று அளப்பவரை அப்படி வாங்க முடியாது. நான் பார்க்கப் போனது அந்த அளக்கும் வேலையை.

இரண்டு அறைகள், நடுவே ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் வார்டு: கட்டில், மானிட்டர், ட்ரிப்ஸ் ஸ்டாண்டு, கிராஷ் கார்ட். இந்தப் பக்கம் இருட்டில் இரண்டு டியூட்டர்கள். ஒருவர் கையில் மடிக்கணினியும் மைக்கும். நோயாளியின் குரல் அவருடையது. டூட்டி டாக்டரின் ஃபோன் குரலும் அவருடையதே. இன்னொருவர் கையில் மதிப்பெண் தாள்.

முதல் கட்டில் நம் குயிலாப்பாளையத்து அம்மாவுக்கு. லேப் உதவியாளர் ஸ்ப்ரே பாட்டிலால் அவர் நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்து வியர்வை உண்டாக்கினார். ஒரு பையன் உள்ளே வந்தான், பி.பி. பார்த்தான், "டென்ஷன் ஆகாதீங்க" என்றான், போய்விட்டான். அடுத்து வந்த பெண் அவர் உள்ளங்கையைத் தொட்டாள். ஈரத்தைப் பார்த்ததும் குளுக்கோமீட்டரை எடுத்தாள். மீட்டரைக் கையில் எடுப்பவர்களுக்கு மட்டுமே டியூட்டர் எண்ணைச் சொல்வார்: 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "விரதம் இருக்கிற அன்னைக்கு மாத்திரையை என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும்மா" என்று சொன்னாள். சாமி கும்பிடுவதைக் குற்றமாக்காமல் சொன்னாள். வெளியே வந்த பிறகும் அந்த அம்மா அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கட்டிலில்தான் என் மனம் தங்கிவிட்டது.

மேனிகினுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் இரவு. காய்ச்சல் 101. நாடி 118. பி.பி. 104/70. சாச்சுரேஷன் 94. மூச்சு நிமிடத்துக்கு 26. மானிட்டரில் மூச்சின் எண்ணை மட்டும் வேண்டுமென்றே மறைத்துவைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினால்தான் தெரியும்.

மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். கூட்டம் நிரம்பிய வார்டில் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் சார்ட்டைப் புரட்டினால் கட்டிலுக்குக் கட்டில் 'ஆர்.ஆர். 20' என்றே இருக்கும். பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை உண்டு. அதில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் 3 புள்ளி. 20 என்றால் சுழியம். இந்த நோயாளிக்கு எண்ணி எழுதினால் மொத்தம் 8 வரும். ஏழைத் தொட்டாலே எல்லாரும் ஓடி வர வேண்டிய அவசரம். பழக்கதோஷத்தில் 20 என்று எழுதினால் மொத்தம் 5. அதுவும் எச்சரிக்கைதான், ஆனால் ஓட்டம் நடையாகிவிடும். மூன்று புள்ளியில் ஒரு உயிரின் இரவு மாறிப்போகிறது.

மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். பலர் 20 என்றே எழுதினார்கள். எண்ணிய ஒருத்தி டாக்டருக்கு ஃபோன் போட்டாள். மைக்கில் டியூட்டர் தூக்கக் குரலில், "ஜுரம்தானே, பாராசிட்டமால் குடு, காலையில ரவுண்ட்ஸ்ல பாக்குறேன்" என்றார். "ஓகே டாக்டர்" என்று வைத்துவிட்டாள். "டாக்டரே சொல்லிட்டாரே மேம்" என்றாள் பிறகு. இந்தப் பதில் அந்தப் பெண்ணின் குணத்தில் வருவதில்லை. மேலே இருப்பவரை மறுத்துப் பேசாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் ஹாஸ்டலிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம். அதை உடைத்துப் பழகும் இடம் இந்த லேப்பாகத்தான் இருக்க முடியும். இங்கே மறுத்துப் பேசினால் யாரும் டூட்டியை மாற்றிவிட மாட்டார்கள்.

அடுத்து வந்தவள் வானூர் பக்கத்துப் பெண், தமிழ் வழியில் படித்தவள். கட்டிலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடம் எண்ணினாள். ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டாள். வயிற்றுக் கட்டைப் பார்த்தாள். குனிந்து யூரின் பேக்கைத் தூக்கி அளவைப் பார்த்தாள். ஃபோனை எடுத்தாள். "குட் ஈவ்னிங் டாக்டர், த பேஷண்ட் ஈஸ்..." அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "என்னம்மா?" என்றது மைக். மௌனம். "சரி, பாராசிட்டமால் குடு." ஃபோன் வைக்கப்பட்டது. அவளும் வைத்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூத்த டியூட்டர், "கிரிட்டிகல் திங்கிங், பிலோ ஆவரேஜ்" என்று சொல்லியே எழுதினார். மைக் வைத்திருந்த இளையவர் திரும்பிப் பார்த்தார். "மேம், அவ யூரின் பேக்கைப் பார்த்தா. இன்னைக்கு அதைப் பார்த்த ஒரே ஆள் அவதான்."

வீடியோவை ஓட்டினார்கள். பார்த்திருக்கிறாள்.

இங்கே பயன்படுத்தும் மதிப்பெண் தாள் கேத்தி லாசட்டர் 2007-இல் வெளியிட்ட அளவுகோலை ஒட்டியது. அதற்கு அடிப்படை, 2006-இல் கிறிஸ்டின் டேனர் எழுதிய முறை: நோயாளியிடம் எதைக் கவனித்தாள், அதை என்னவென்று புரிந்துகொண்டாள், அதற்கு என்ன செய்தாள், செய்ததைப் பின்னால் எப்படி யோசித்துப் பார்த்தாள். நான்கும் தனித்தனி. ஆனால் பரீட்சை அவசரத்தில் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவளுக்கு நான்கிலும் சேர்த்து நல்ல மார்க் விழுந்துவிடுகிறது. பேச முடியாதவளுக்கு நான்கிலும் சேர்த்துக் குறைகிறது. தடை கண்ணில் இருந்ததா, புத்தியில் இருந்ததா, வாயில் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத மார்க் அந்தப் பெண்ணுக்கு எதையும் கற்றுத் தராது. கவனிக்காத பிள்ளைக்கு ஒரு வைத்தியம், கவனித்தும் சொல்லாத பிள்ளைக்கு வேறு வைத்தியம்.

பிறகு நடந்த டிபிரீஃபிங்கில் இளைய டியூட்டர் தமிழில் கேட்டார். "யூரின் பேக்கை ஏன் தூக்கிப் பார்த்தே?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பதில் தடையில்லாமல் வந்தது. "பி.பி. இன்னும் விழல மேம். ஆனா மூச்சு ஓடுது, பல்ஸ் ஓடுது. யூரின் கொறைஞ்சா கிட்னிக்கு ரத்தம் போகலன்னு அர்த்தம். உள்ள தையல் விட்டுடுச்சோ, கிருமி ரத்தத்துல ஏறிடுச்சோன்னு பயந்தேன். செப்சிஸ்னு சொல்லணும்னு தோணுச்சு. இங்கிலீஷ்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

மூத்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

டாக்டரிடம் பேச ஒரு வரிசை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கி, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக உலகத்து வார்டுகளுக்கெல்லாம் வந்தது. நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். அந்த வரிசை எந்த மொழியிலும் நிற்கும். மதியம் அதே கட்டிலில் அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள், வார்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசச் சொல்லி.

"டாக்டர், சர்ஜிகல் வார்டு, பெட் நம்பர் ஏழு. லேப்பரோடமி, செகண்ட் டே. மூச்சு 26, முழு நிமிஷம் எண்ணினேன். பல்ஸ் 118, யூரின் போன ரெண்டு மணி நேரத்துல 30 எம்.எல்.தான். செப்சிஸா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும்."

"பாராசிட்டமால் குடும்மா."

"குடுக்குறேன் டாக்டர். அது போதாது. நீங்க வரணும். வர முடியலன்னா சீனியரை நான் கூப்பிடுறேன்."

மைக்கைப் பிடித்திருந்தவர் தன் வேடத்தை மறந்து சிரித்துவிட்டார்.

இந்தப் பிள்ளைகள் ஓரிரு வருடத்தில் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கத்திலோ, ஜிப்மரிலோ இரவுப் பணியில் நிற்பார்கள். அங்கே டாக்டர்களும் சிஸ்டர்களும் தங்களுக்குள் பேசுவது இப்படித்தான், ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வாக்கியத்தில் கோத்து. நோயாளியிடமோ முழுத் தமிழ். அப்படியிருக்க, சிந்தனையையும் பேச்சையும் அளக்கும் பரீட்சை மட்டும் ஏன் யாரும் பேசாத ஆங்கிலத்தில் நடக்க வேண்டும்? ஆங்கிலம் வேண்டும், கேஸ் ஷீட்டுக்கு வேண்டும், வெளிநாட்டு வேலைக்கும் வேண்டும். அதற்குத் தனிக் கட்டம், தனி மார்க் போடட்டும். மூச்சை எண்ணியவளின் மார்க்கிலிருந்து அதைக் கழிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாலையில் இரண்டு டியூட்டர்களும் அதே தாளை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இளையவர் 'டாக்டரிடம் இரண்டாம் முறை வலியுறுத்தினாரா' என்று ஒரு வரியைப் பென்சிலால் சேர்த்திருந்தார். பக்கத்தில், 'எந்த மொழியிலும்'. மூத்தவர் முதல் வரியை ஒப்புக்கொண்டார். இரண்டாவதில் மட்டும் விரலை வைத்து, "வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் ஒத்துக்கணுமே" என்றார். "அவங்ககிட்டயும் ரெண்டு தடவை சொல்லிப் பாக்கலாம் மேம்" என்றார் இளையவர்.