இருதயத்தின் கையெழுத்து

நாம் பயோமெடிக்கல் இஞ்சினீரிங் படித்த காலத்தில், உறவினர்களில் பாதிப் பேர், "அப்படியானால் ஊசி போடத் தெரியுமா?" என்று கேட்பார்கள். மற்றப் பாதிப் பேர் பழுதான மிக்ஸியைக் கொண்டு வந்து நம் முன் வைப்பார்கள். இரண்டு வித்தையும் நமக்கு வராது. பரிசோதனைச் சாலையில் நாம் கற்க முயன்றது வேறொன்று: இருதயத்திடம் கையெழுத்து வாங்குவது.

இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது மின்சாரத்தை உண்டாக்குகிறது. தோலின் மேல் அது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் பேராசிரியர் ஐந்தோவன் இதைப் பதிவு செய்ய அமைத்த யந்திரம் சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியோ இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்ப் பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்! 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்கோ உள்ளங்கை அகலப் பலகை ஒன்றே போதும்.

போதும் என்றுதான் எண்ணினோம். முதல் நாள் நண்பர் ஒருவர் கையில் மின்முனைகளை ஒட்டிச் சுவிச்சைப் போட்டதும், திரையில் ரம்பப் பல் போல ஒரு கோடு ஓடிற்று. "என்ன கம்பீரமான இருதயம்!" என்று வியந்தோம். மின்முனைகளைக் கழற்றினோம். கோடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது! விநாடிக்கு 50 முறை அலையும் விளக்கு மின்சாரத்தையல்லவா இத்தனை நேரம் ரசித்தோம்!

பிறகு, கம்பிகளை முறுக்கவும், தோலைத் துடைத்துச் சுத்தம் செய்யவும், ஈயம் பற்றவைக்கவும், ஒவ்வோர் அளவையும் தேதியிட்டுக் குறிக்கவும் பழகினோம். மூன்று மாதத்தில் உண்மையான இருதயம் திரையில் தோன்றியது. ஆனால் கோடு மேலும் கீழும் மிதந்தது. மறுநாள் பரீட்சகர்கள் வருகிறார்கள். மெதுவான அசைவுகளை வெட்டும் வடிகட்டியின் எல்லையை 0.05 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினோம். ஆகா! கோடு போட்ட நோட்டில் எழுதியது போல் எல்லாம் நேராக நின்றது.

பரிசோதனைச் சாலையின் வயதான உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப அழகாயிருக்கிறது, தம்பி. ஆனால் கூர்முனைக்கு அப்புறம் மட்டமாய் ஓர் இடம் வருமே, அது சரிந்து கிடக்கிறதே? மாரடைப்பை டாக்டர்கள் அங்கேதானே தேடுவார்கள்?"

"கோடு மிதக்கிறதே, ஐயா!"

"மனிதன் மூச்சு விடுகிறான், மிதக்கிறது. மூச்சு விடாதவனா உங்களுக்கு வேண்டும்?"

நமக்கு நா எழவில்லை. கையெழுத்தைத் திருத்துவதாக எண்ணிக் கடிதத்தின் சேதியையே மாற்றியிருந்தோம்! அன்றிரவே எல்லையைப் பழைய இடத்துக்கு இறக்கி, எல்லாப் பதிவுகளையும் மறுபடி எடுத்தோம். பரீட்சகர்களுக்கு மிதக்கும் கோட்டையே காட்டினோம். மார்க்கு குறைந்தது வாஸ்தவந்தான்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு நள்ளிரவில் நம் தாயாருக்கு மார்பு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் யந்திரம் காகிதத்தை மெள்ள வெளியே தள்ளிற்று. டாக்டர் அந்த மட்டமான இடத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இதில் பயப்பட ஒன்றுமில்லை, காலையில் மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

காகிதத்தை நாமும் வாங்கிப் பார்த்தோம். கோடு இலேசாக மேலே ஏறிக் கீழே இறங்கியது. தாயார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதைவிட அழகான சித்திரத்தை நாம் இன்று வரை கண்டதில்லை.