செவிட்டுக் குட்டி

எங்க ராஜபாளையம் நாய் இந்த ஈத்துல 6 குட்டி போட்டுச்சு. எல்லாம் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. நாய்க் கண்காட்சியில எதிர்பார்க்கிற லட்சணமே அதுதான். ஒரு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணையும் தனியா விட்டு, பின்னாடி நின்னு தட்டைத் தட்டினேன். ஒண்ணு மட்டும் திரும்பவே இல்ல.

உள்காதுல நிறமிச் செல்கள் இல்லாம போனா காது கேட்காது. வெள்ளை புல் டெரியர்லயும் இதே சிக்கல் உண்டு. இங்கிலாந்துல அந்தக் குட்டிகளுக்கு மின்கருவி வச்சுச் சோதிக்கிறாங்க. நமக்குத் தட்டுதான்.

கோப்பை வாங்கின கடுவனோடவே மறுபடி சேர்க்கணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான். குட்டிக்கு நல்ல விலையாம். முடியாதுன்னுட்டேன்; ரெண்டு நாளா பேச்சில்ல.

செவிட்டுக் குட்டி எங்ககிட்டயே இருக்கு. பக்கத்துல தரையை ஓங்கி மிதிச்சா முழிச்சுக்குது. ரோட்டுப் பக்கம் மட்டும் விடறதில்ல.