மட்கார்டு இல்லாத கார்

எஞ்சின் பிளாக்கின் தண்ணீர் அறைக்குள் வளைந்த கம்பி ஒன்றை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். கறுப்பாக ஏதோ உதிர்ந்து, கீழே விரித்திருந்த பேப்பரில் விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்ததும் உடம்பு சிலிர்த்தது. கோர் மணல், அதாவது வார்ப்புக்குள் வெற்றிடம் விடுவதற்காக வைக்கிற மணல் அச்சின் மிச்சம். துருவோடு சேர்ந்து கட்டிதட்டிப் போயிருந்தது. கோயம்புத்தூர் கணபதியில் அப்பா மோல்டராக வேலை பார்த்த ஃபவுண்டரிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். அங்கே குவித்துக் கிடந்த மணலும் கையில் இப்படித்தான் நறநறக்கும். இது 1950ஆம் வருஷத்து மெர்க்குரி கார் எஞ்சின். அமெரிக்காவில் யாரோ ஒரு தொழிலாளி அடித்து வைத்த கோர், உடைத்துத் தட்டியும் முழுசாக வெளியே வராமல், எழுபது வருஷத்துக்கு மேல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் நடந்தது இது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, பொமோனா பக்கம். எண்பதை நெருங்குகிறவர், விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றை, மெர்க்குரி எஞ்சின் வைத்து, ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த காராக, கட்டிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர ஓர் ஆள் தேவைப்பட்டது, என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷம் என் சனிக்கிழமைகள் அங்கேதான் போயின.

ஏன் 1932? அந்த வருஷம்தான் ஃபோர்டின் வி8 எஞ்சின் வந்தது. அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் வசதி படைத்தவர்கள் சமாச்சாரம். ஹென்றி ஃபோர்டு எட்டையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, ஐந்நூறு டாலருக்குள் கிடைக்கிற காரில் வைத்துவிட்டார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அத்தனை கோர்களையும் ஓர் அச்சுக்குள் நிறுத்தி, ஒன்றுகூட அசையாமல் இரும்பு ஊற்றுவது என்ன பாடு என்பது ஃபவுண்டரி வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஊற்றியதில் பெரும்பகுதி தேறாமல் மறுபடி உலைக்கே போனது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்திருப்பார்.

1930களின் பிற்பாதியில் இந்தக் கார்கள் பழைய வண்டிச் சந்தையில் சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்தன. தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மோஹாவி பாலைவனத்தில் வற்றிக் கிடக்கும் முரோக் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். களிமண் காய்ந்து தரை தட்டையாக இருக்கும் இடம். அங்கே போனதும் மட்கார்டு, முன் கண்ணாடி, விளக்கு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு போட்டி போட்டார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி அதே காரில் வீடு திரும்பினார்கள். இதை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் பிறந்தது. பிறகு முரோக் முழுக்க ராணுவ விமானதளமாகிவிட, ஓட்டமெல்லாம் எல் மிராஜ் ஏரிக்கு நகர்ந்தது. இன்றும் அங்கே நடக்கிறது.

அந்தப் பையன்களில் சிலர் ஒரு கட்டத்தில் மட்கார்டைத் திரும்ப மாட்டவே இல்லை. ஹாட் ராடின் அழகெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இன்று கண்காட்சியில் நாம் நின்று பார்க்கிற ஒவ்வொரு வளைவுக்கும் அடியில் ஒரு தேவை இருந்தது. மட்கார்டு போனது எடை குறைய. முன் கண்ணாடியை உயரம் குறைத்து வெட்டியது காற்றைக் கிழிக்க. முன் ஆக்சிலைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு முனையிலும் வளைத்தது மூக்கு தாழ. பின்னால் உயரமான டயர் போட்டால் எஞ்சினின் அதே சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் ஓடும். ஆகவே பின்னால் பெரிசு, முன்னால் சிறிசு. பாயப் போகும் காளை மாதிரி முன்னே தாழ்ந்து பின்னே உயர்ந்து நிற்கிற அந்த நிலை இப்படி வந்ததுதான். பானெட்டின் பக்கவாட்டில் வரிசையாகச் செதில் வெட்டியதும் சூடு வெளியேறத்தான்.

இதில் 1932 மாடலுக்கு மட்டும் ஒரு கொடுப்பினை உண்டு. அதற்கு முந்தைய மாடல் ஏ காரில் சேஸ் ஒரு தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 1932இல் சேஸின் பக்கச் சட்டமே வெளியே தெரியும்படி, அதில் நீளமாக ஒரு வரி அழுத்தி வடிவமைத்திருந்தார்கள். மட்கார்டைக் கழற்றினால் வண்டி அம்மணமாகத் தெரியாது. இப்படி நிற்கவே பிறந்ததுபோல் இருக்கும். அந்த வரியை முதல் தடவை பெரியவர் எனக்குக் கண்ணால் காட்டவில்லை. கையைப் பிடித்து, முன்னிருந்து பின்வரை என் விரலாலேயே அதைத் தடவ வைத்தார். வெறும் பளபளப்புக்காகக் கட்டி, லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுவரும் ஹாட் ராடுகள் எனக்குப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான். ஓடாத வண்டியில் அந்த வளைவுகளுக்கு என்ன வேலை?

எஞ்சின் விஷயத்தில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கிய முதல் பிளாக்கை ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சோதித்தோம். நல்லது என்று எழுதிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. வேறோர் இடத்தில் காந்தம் ஏற்றி இரும்புத்தூள் தூவிப் பார்த்தபோது, வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. விரிசல். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஷாப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விரிசல் அங்கே விழுவதற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகை உள்பக்கத்திலிருந்து கிளம்பி, சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் அறையைக் கடந்து வெளிப்பக்கம் வர வேண்டும். வழியெல்லாம் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டே வரும். போதாததற்கு, ஒவ்வொரு பக்கமும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே புகைவழி. இரண்டு வாட்டர் பம்ப் இருந்தும் கொதிக்கிற எஞ்சின் என்று பெயர் வாங்கியது இதனால்தான். இதோடு தண்ணீர் அறையில் மணலும் அடைத்துக்கொண்டால் சொல்லவே வேண்டாம். பெரிய ரேடியேட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் மாட்டட்டும். முதலில் மணலை எடுங்கள் என்பேன். எங்கள் இரண்டாவது பிளாக்கிலிருந்து எடுத்த மணலும் துருவும் ஒரு காபி டப்பா நிறைய இருந்தது.

சிலிண்டரை மூன்றேகால் இன்ச்சுக்கும் சற்றுக் கூடுதலாக, துல்லியமாகச் சொன்னால் 3 5/16 இன்ச்சுக்கு, போர் செய்தோம். மெர்க்குரியின் நாலு இன்ச் ஸ்ட்ரோக்கோடு பெருக்கினால் 276 கன அங்குலம். அந்தக் காலத்தவர்கள் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக்கின் மேல்தளத்தையும் கிரைண்டரால் இழைத்துப் பள்ளமாக்குவார்கள், காற்று தாராளமாக நுழையட்டும் என்று. அப்படி இழைத்தால் கம்ப்ரஷன் குறைந்துவிடும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு அது நஷ்டம் என்று பெரியவர் தொடவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கடையில் கிடைக்காததைத் தானே செய்துகொண்டவர்களின் தொழில் இது. விக் எடல்பிராக் இரண்டு கார்புரேட்டர் உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டைத் தானே வடிவமைத்தார். அதற்கு ஸ்லிங்ஷாட், அதாவது கவண், என்று பெயர். அர்மீனியக் குடியேறிகளின் பிள்ளையான எட் இஸ்கென்டேரியன், இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்து கேம் ஷாஃப்ட் இழைக்கிற மெஷினைப் போட்டார். இன்று அவர்கள் பெயர் உதிரிபாகப் பெட்டிகளில் அச்சாகியிருக்கிறது.

எங்கள் எஞ்சினில் ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் மூன்று. காற்று புகும் குறுகல் 0.97 இன்ச், அதனால் அந்த எண். மூன்றையும் ஒன்றாக மூச்சுவிட வைக்கும் வேலைக்கு மீட்டர் எதுவும் எடுக்கவில்லை. முழநீள ரப்பர் டியூப் ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். "கண்ணை மூடிக்கோ. மூணும் ஒரே மாதிரி இரைகிறதா கேள்" என்றார். முதலாவதில் ஸ்ஸ் என்று மெல்லிய இரைச்சல். நடுவில் உள்ளது கொஞ்சம் கரகரத்தது. மூன்றாவது கிட்டத்தட்ட ஊமை. ஐட்லிங் ஸ்க்ரூவை நூலளவு திருப்பிக் கேட்டு, மறுபடி திருப்பிக் கேட்டு, மூன்றும் ஒரே சுருதிக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டாக ஆறு மிக்ஸர் ஸ்க்ரூக்கள். எஞ்சின் தடுமாறும்வரை உள்ளே, சீராகும்வரை வெளியே. கடைசி ஸ்க்ரூ சரியான இடத்துக்கு வந்தபோது கராஜ் தரையின் அதிர்வே மாறியது. செருப்பு வழியாக அது காலுக்குத் தெரிந்தது.

போன மாதம் எல் மிராஜ் போகும் வழியில், ஆளில்லாத நேர் ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டினோம். ஆக்சிலேட்டர் அமுங்கியிருக்கும்போதே சாவியை அணைத்து, கிளட்ச்சை மிதித்து, வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிட்டார். அப்படிச் செய்தால்தான் ஸ்பார்க் பிளக் உண்மை பேசும். ஐட்லிங்கில் ஓடவிட்டால் கரி படிந்து மறைத்துவிடும். எட்டு பிளக்கையும் சுடச்சுடக் கழற்றி, வந்த சிலிண்டர் வரிசையிலேயே சீட்டின் மேல் துணி விரித்து அடுக்கினேன். ஓரத்துச் சிலிண்டர்களின் நாலும் டீயில் நனைத்த ரொட்டி நிறம். நடுச் சிலிண்டர்களின் நாலும் கொஞ்சம் வெளுத்திருந்தன, பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். புகைவழியைப் பங்கு போட்டுக்கொள்கிறவை அவைதான்.

பெரியவர் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு டூல்ஸ் பெட்டியைத் திறந்து, மூக்குப்பொடி டப்பியிலிருந்து ஒரு நம்பர் பெரிய பித்தளை பெட்ரோல் ஜெட்டைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நடுக் கார்புரேட்டருக்கு" என்றார்.