நிர்வாணாவும் என் அப்பாவும்

2019 அக்டோபரில் பேப்பரில் ஒரு குட்டிச் செய்தி. அமெரிக்காவில் ஒரு பழைய ஸ்வெட்டர் ஏலம் போயிருந்தது. ஒரு பொத்தான் இல்லை. சிகரெட் சுட்ட ஓட்டை, கறை எல்லாம் உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் துவைக்கவே இல்லையாம். விலை 3 லட்சத்து 34 ஆயிரம் டாலர்! நம் கணக்கில் இரண்டேகால் கோடிக்கு மேல்.

"இதைப் போட்டா பாத்திரக்காரன் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட தர மாட்டான்" என்றாள் மனைவி.

நியாயம்தான். ஆனால் அந்த ஸ்வெட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் பாடியதை மேற்கு மாம்பலத்தில், எங்கள் வீட்டு சாலிடேர் டி.வி.யில், அப்பாவோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

1992-ல் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குக் கறுப்பு ஒயர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'தான் உலகம் என்றிருந்தவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு எம் டி.வி. கிடைத்தால் என்ன ஆவான்? நான் ஆனேன்.

அப்பா அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். சர்க்கார் ஆபீசில் 34 வருஷ குமாஸ்தா. நான் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். எங்களுக்குள் மூன்றே கேள்விகள்தான்: "கரண்ட் பில் கட்டியாச்சா?", "ரேஷன்ல சர்க்கரை போட்டானா?", "பாங்க் பரீட்சை என்ன ஆச்சு?" மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளடைவில் முதல் இரண்டும் நின்றுபோயின.

அந்தச் சமயத்தில்தான் 'நெவர்மைண்ட்' காசெட் வாங்கினேன். அதன் அட்டையில் தண்ணிக்குள் ஒரு குழந்தை, உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நிர்வாணாவா? அது சரி, அட்டையைப் பார்த்தாலே தெரியுதே."

அந்த வருஷம் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

டி.வி.யில் அவர்களுடைய பிரபலமான பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட ஹால், புகை, ஆட்டம் போடும் பசங்கள். நடுவே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஆடும் ஒரு பியூன். எல்லோரும் பாடகனைப் பார்த்தார்கள். நான் பியூனைப் பார்த்தேன். மறுநாள் ஒன்பதரைக்கு ஆபீசில் என் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதானே!

இந்த ஆல்டர்நேடிவ் ராக் கோஷ்டியைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம் உண்டு. டி.வி. சொன்னதை டி.வி.யிலேயே உட்கார்ந்து கேட்காதபோதுதான் இவர்கள் பிரமாதம்.

1991 நவம்பரில் லண்டன் பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி. வாத்தியம் டேப்பில் ஓடும், வாசிக்கிற மாதிரி பாவனை செய்தால் போதும், குரல் மட்டும் நிஜம் என்று ஏற்பாடு. கர்ட் கோபேன் என்ன செய்தான்? கிடாரைத் தொட்டும் தொடாமலும் தடவினான். டிரம்ஸ்காரர் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கையை வீசினார். காட்டுக்கத்தலாகப் பாட வேண்டிய பாட்டை ஜலதோஷம் பிடித்த பாகவதர் மாதிரி அடித்தொண்டையில் இழுத்தான். யூட்யூப் வந்த பிறகுதான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இன்னொருவர் ஆர்.ஈ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப். 1983-ல் லெட்டர்மன் நிகழ்ச்சியில் முதல் தடவையாக நாடு முழுக்கத் தெரியும் சந்தர்ப்பம். பாடி முடித்ததும் லெட்டர்மன் பேச வந்தார். மனிதர் டிரம்ஸ் மேடை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பேசியதெல்லாம் மற்றவர்கள்தான்.

பேர்ல் ஜாம் கதை அதைவிட ஒசத்தி. 'ஜெரமி' வீடியோவுக்கு 1993-ல் எம் டி.வி. நாலு பரிசு கொடுத்தது. அவர்களோ அதோடு வீடியோ எடுப்பதையே நிறுத்திவிட்டு 1998-ல்தான் அடுத்ததை எடுத்தார்கள். பரிசு கொடுத்தவனுக்கே 'போதும்' என்று சொல்ல முடியுமா? எங்கள் மேனேஜர் "ஞாயித்துக்கிழமை வந்துடுப்பா" என்றால், சனிக்கிழமை ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். 1994 ஏப்ரலில், 27 வயசில், கோபேன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனான். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த சிநேகிதன் ஒரு வீடியோ காசெட் கொடுத்தான். 1993 நவம்பரில் நியூயார்க்கில் எடுத்த 'அன்ப்ளக்டு' கச்சேரி. வாடகை டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அமெரிக்க டேப்புக்கும் நம் டி.வி.க்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது.

அப்பா ஈஸிசேரில் இருந்தார். மேடை முழுக்க லில்லிப் பூ, மெழுகுவர்த்தி. நடுவே அந்த ஸ்வெட்டர்.

"என்னடா, எழவு வீடு மாதிரி இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். மேடையை எப்படி அலங்கரிப்பது என்ற பேச்சில், சாவு வீடு மாதிரியா என்று தயாரிப்பாளர் கேட்க, ஆமாம், அதேதான் என்றானாம் அவன். இங்கிலீஷ் பாட்டு ஒன்றுகூடக் கேட்டிராத மனுஷர் அரை நிமிஷத்தில் சொன்னதை நான் ஐந்தாறு தடவை பார்த்தும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அன்று அவர் எழுந்து போகவில்லை. பதினாலு பாட்டில் ஆறு அடுத்தவர் பாட்டு. எல்லோரும் எதிர்பார்த்த அந்தப் பெரிய ஹிட்டைப் பாடவே இல்லை. கடைசியாக ஒரு பழைய பாட்டு. லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் பாடிப் பிரபலமாக்கியது. முடிகிற இடத்தில் குரல் உடைந்து, ஒரு விநாடி நிறுத்தி, கண்ணைத் திறந்து மூச்சு வாங்குவான். அந்த இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்கப்பா."

"பாவம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு பாட்டு பாடக் கூடாதா?" என்றார்.

"பாடச் சொல்லிக் கேட்டாங்களாம்ப்பா. மாட்டேன்னுட்டான்."

"யாருகிட்ட?"

"டி.வி.காரங்ககிட்ட."

"மாட்டேன்னா சொன்னான்?" அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 34 வருஷ ஆபீசில் எதை நினைத்துக்கொண்டாரோ. பிறகு, "சரி, டெக் வாடகை நாளைக் காலைல வரைக்கும்தானே? திரும்பப் போடு" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் ரொம்பப் பேசினோம் என்று சொன்னால் பொய். கரண்ட் பில் திரும்ப வந்தது, சர்க்கரை வந்தது. பாங்க் பரீட்சை மட்டும் வரவில்லை.

2004-ல் அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்து, அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் அந்தக் காசெட் இருந்தது. பூஞ்சை பிடித்து, போட முடியாத நிலை. முதுகில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஃபைலுக்கு எழுதுகிற அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்:

'எழவு வீட்டுக் கச்சேரி. அழிக்க வேண்டாம்.'