பத்மினியின் பிக்கப்

ஃபியட் 1100 வழிவந்த பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்குப் புதிதாய் இருந்த காலத்திலேயே ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான். அது பறக்கும் என்று நாங்கள் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதைத் தாண்டுவதற்குள் மூச்சுத் திணறத் தொடங்கியது.

"வயசாயிடுச்சு சார். போரிங் பண்ணணும், இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார் பட்டறைக்காரர். அப்பா விட்டுச்சென்றவற்றில் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றே. வயது என்பதை ஒரு காரணமாக ஏற்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் கவ்விக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை. கம்ப்ரெஷன் பார்க்கச் சொன்னோம். நான்கு சிலிண்டர்களும் நன்றாகவே இருந்தன. போரிங் பேச்சு அத்தோடு முடிந்தது.

சமதளத்தில் குறையில்லை. ஏற்றத்தில் சில நிமிடங்களில் திணறும். ஓரங்கட்டி எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் மறுபடி இழுக்கும். அதாவது, கார்ப்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் தீரும் வேகத்துக்கு நிரம்பவில்லை. காயில் ஒயரை எடுத்துவிட்டு, கார்ப்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டோம். தம்பி செல்ஃப் அடித்தான். பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் சொட்டியது. பம்பைத் திறந்தால் சல்லடை முழுக்கத் தொட்டியின் துரு. டயாஃப்ரத்தில் மயிரிழை வெடிப்பு.

டயாஃப்ரம் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. தொட்டியை இறக்கிக் கழுவும் வேலை பாக்கியிருக்கிறது. அதுவரை வாரம் ஒருமுறை சல்லடையைத் திறந்து பார்க்கிறோம்.